பச்சைமுத்துவின் சின்ன வீடு

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குத் தெருக்காரர்கள் ஐந்து பேர் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு வரிசையாக உள்ளே வந்தபோது, அம்மன் திருவிழா வசூலுக்குத்தான் வந்திருக்கிறார்கள் என்று பச்சைமுத்து நினைத்தான். சட்டைப் பையைத் தடவிக்கொண்டே எழுந்தான். ஆனால் யார் கையிலும் ரசீதுப் புத்தகம் இல்லை. யாரும் சிரிக்கவும் இல்லை. முன்னால் நின்றவர் கணேசமூர்த்தி. ஓசூர் பக்கம் பஸ் கண்டக்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். அந்த ஆனேக்கல் லேஅவுட்டில் தண்ணீர்ச் சண்டை முதல் சம்பந்தப் பேச்சு வரை அவர் வாய் வைக்காத விஷயம் கிடையாது. பின்னால் பக்கத்து வீட்டு மமதா, அவள் புருஷன் மஞ்சுநாத், இன்னும் இரண்டு பேர்.

"உக்காருங்கண்ணா" என்றான் பச்சைமுத்து.

"உக்கார வரல. நேராவே சொல்லிடறேன். அந்தச் சின்ன வீட்ட விட்டுடுங்க. போதும். பொண்ணு வளந்துகினு இருக்கு."

பச்சைமுத்துவுக்கு இதில் ஒன்றும் தப்பாகப் படவில்லை. தன் கஷ்டத்தைப் பார்த்து அக்கறையாகச் சொல்ல வந்திருக்கிறார்கள் என்று நெஞ்சு நெகிழ்ந்துகூடப் போனான். இந்த இடத்தில் கதையை நிறுத்தி, அவனுடைய சின்ன வீடு என்பது என்ன என்று சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் நீங்களும் கணேசமூர்த்தி நினைத்ததையேதான் நினைப்பீர்கள்.

பச்சைமுத்து பிறந்து வளர்ந்ததெல்லாம் ஆஸ்டின் டவுனில். பத்தொன்பது வயதில் ரெசிடென்சி ரோட்டில் ஓர் ஐந்து மாடிக் கட்டடத்தில் லிஃப்ட் ஆப்பரேட்டராக ஸ்டூலில் உட்கார்ந்தவன், அதே ஸ்டூலில்தான் இன்னும் இருக்கிறான். இரும்புக் கிராதிக் கதவு போட்ட பழைய லிஃப்ட். கை வைத்து இழுத்துச் சாத்தினால்தான் நகரும். நாள் முழுக்க அந்தப் பெட்டிக்குள் ஏறி இறங்கிவிட்டு, சாயங்காலம் இன்னொரு பெட்டிக்குத் திரும்புவான். அது ஓஸ்வால்ட் என்பவருக்குச் சொந்தமான லைன் வீடுகளில் மூன்றாவது கதவு. பத்துக்குப் பத்து அறை. ஒரு மூலையில் அடுப்பு, ஒரு மூலையில் தண்ணீர் டிரம், மீதி இடத்தில் குடும்பம். ஆறு வீட்டுக்கு ஒரு கக்கூஸ்.

கல்யாணமாகி கே.ஜி.எஃப்.இலிருந்து வந்த சரளாவுக்கு வேண்டியிருந்ததெல்லாம் ஒரு கதவுதான். துணி மாற்றும்போது புருஷனை வெளியே நில்லுங்கள் என்று விரட்டாமல், தானே போய்ச் சாத்திக்கொள்ள ஒரு கதவு. காலையில் வாளியோடு வரிசையில் நிற்காமல் போய்வர ஒரு கக்கூஸ். இதைச் சொல்லிச் சொல்லி அவள் எத்தனையோ நாள் அழுதிருக்கிறாள். பச்சைமுத்துவுக்கும் அந்த அழுகை பொறுக்கவில்லை.

அந்த அறையிலும் ஒரு சுகம் இருந்தது. மத்தியானம் ஒரு மணிக்கு லிஃப்டுக்கு ஒரு மணி நேரம் ஓய்வு. பதினைந்து நிமிஷத்தில் நடந்து வந்துவிடுவான். சூடாகச் சோறு, ரசம், சரளாவின் வாயிலிருந்து தெருச் சமாச்சாரம் மொத்தமும். பத்து நிமிஷம் காலை நீட்டிவிட்டுத் திரும்பவும் நடந்து போய் ஸ்டூலில் உட்கார்ந்துவிடுவான். அதைப் பெரிய சுகம் என்று அன்றைக்கு இருவருமே நினைக்கவில்லை.

ஊரில் அப்பா பங்கு நிலத்தை விற்றதில் ஆனேக்கலில் முப்பதுக்கு நாற்பது அடியில் வீட்டு மனை, அங்கத்திப் பேச்சில் சைட்டு, ஒன்று அமைந்தது. பெங்களூருக்குள் அந்தக் காசுக்குச் சைட்டின் மூலைக்கல்கூட வராது. இருந்தாலும் பச்சைமுத்து ஒன்றும் கண்ணை மூடிக்கொண்டு வாங்கிவிடவில்லை. வேலைக்குப் போய்வர எவ்வளவு நேரம் ஆகும் என்று கையில் வாட்ச் கட்டிக்கொண்டு போய்ப் பார்த்தான். சாந்திநகர் பஸ் ஸ்டாண்டில் ஏறி ஆனேக்கலில் இறங்க ஒரு மணி ஐந்து நிமிஷம். சரளாவையும் கூட்டிக்கொண்டு நாலு தரம் போனான். நாலு தரமும் அதே கணக்குதான்.

நாலு தரமும் ஞாயிற்றுக்கிழமை. லிஃப்ட்காரனுக்கு லீவு அன்றைக்குத்தானே!

ஹால், இரண்டு ரூம், சமையலறை, குளிக்க ஓர் இடம், வெளிக்கு இருக்க ஓர் இடம், எல்லாவற்றுக்கும் தனித்தனிக் கதவு. மேலே கான்கிரீட் மோல்டு போட்ட கூரை. மேஸ்திரி, கேட்காமலே கார் நிறுத்தக்கூட இடம் விட்டிருந்தார். 1998 தை மாதம் பால் காய்ச்சினார்கள். சரளா அன்றைக்கு ஒவ்வொரு கதவாகச் சாத்தித் திறந்து பார்த்தாள். மறுநாள் திங்கட்கிழமை. ஆறு மணிக்குப் பஸ் ஏறினான். சந்தாபுராவில் லாரி, பொம்மனஹள்ளியில் லாரியும் பஸ்ஸும், சில்க் போர்டு நாற்சந்தியில் பெங்களூரே மொத்தமாக நின்றுகொண்டிருந்தது. ஸ்டூலில் போய் உட்கார்ந்தபோது மணி எட்டே முக்கால். திரும்பி வரும்போது அதைவிட மோசம். அன்று வீட்டுக்குள் நுழைந்தவன் சோற்றில் கை வைத்தபடி, "நாம பாத்தது ஞாயித்துக்கெழம பஸ்ஸுடி" என்றான். இருவரும் ஒருவரை ஒருவர் பேயறைந்த மாதிரி பார்த்துக்கொண்டார்கள்.

தட்டுமுட்டுச் சாமான் கொஞ்சம் மிச்சம் இருந்ததால் ஆஸ்டின் டவுன் அறையை அவன் இன்னும் காலி செய்யவில்லை. ஓஸ்வால்டும் பழகின தோஷத்துக்கு நெருக்கவில்லை. அப்போது ஐந்து வயதாக இருந்த மகள் மகாவுக்கு இரண்டு வீட்டையும் பிரித்துச் சொல்ல வேறு வார்த்தை தெரியவில்லை. பெரிய வீடு, சின்ன வீடு என்று பேர் வைத்தாள். முதல் தரம் கேட்டபோது புருஷனும் மனைவியும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். கட்டினவள் இருக்க இன்னொருத்தியைக் குடி வைத்திருக்கும் இடத்துக்கல்லவா ஊரில் அந்தப் பேர்! சிரித்துச் சிரித்து அவர்கள் வாயிலும் அதுவே தங்கிவிட்டது. நாளடைவில் சிரிப்பு போய் வார்த்தை மட்டும் நின்றது.

அடுத்த வருஷம் கட்டடத்தின் மேல் இரண்டு மாடிக்கும் கம்ப்யூட்டர் கம்பெனி ஒன்று வந்தது. அதில் வேலை செய்கிற பிள்ளைகளுக்குப் பகல் ராத்திரி கிடையாது. அவர்கள் இறங்கும்வரை லிஃப்ட் ஓட வேண்டும் என்று உத்தரவு. கடைசி ஆனேக்கல் பஸ் போய்விடும். பச்சைமுத்து வாரத்தில் ஒரு நாள் பழைய அறையில் படுத்தான். பிறகு இரண்டு நாள். பிறகு திங்கள் போனால் சனிக்கிழமைதான் திரும்புவது என்றாகிவிட்டது. லிஃப்டில் வருகிறவர்கள், "வீட்டுக்குப் போகலியா பச்சைமுத்து?" என்று கேட்டால், "இன்னிக்கு சின்ன வீடு சார்" என்பான். பெட்டி முழுக்கச் சிரிப்பு எழும்பும். அதில் அவனுக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

இப்படியே இரண்டு வருஷத்துக்கு மேல் ஓடிவிட்டது. இனி அந்த 2001 மே மாத ஞாயிற்றுக்கிழமைக்கு வரலாம்.

"எப்படிண்ணா விட முடியும்?" என்றான் பச்சைமுத்து. "வேலைக்கு அதான் பக்கம். பதினஞ்சு நிமிஷத்துல போய்டலாம்."

கணேசமூர்த்தியின் வாய் பிளந்தது. "வேலைக்குப் பக்கமா?"

"ஆமா. வாரத்துக்கு அஞ்சு நாளு அங்கதான். சனிக்கெழம இங்க வந்துடறேன் இல்ல? நான் எதையும் ஒளிக்கல. ஆபீஸுல எல்லாருக்கும் தெரியும்."

"எல்லாருக்குமா!" என்றார் மஞ்சுநாத்.

"சரளாவுக்கே தெரியுமே. கல்யாணம் ஆனதும் மொதல்ல அவளும் அங்கதானே இருந்தா. மகா பொறந்ததே சின்ன வீட்டுலதான்."

மமதா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். பின்னால் நின்றவர்களில் ஒருவர் "சிவ சிவா" என்றார். கணேசமூர்த்திக்கு நெற்றி நரம்பு புடைத்தது. முப்பது வருஷம் பஸ்ஸில் எத்தனையோ அக்கிரமக்காரர்களைப் பார்த்தவர், இவ்வளவு வெட்கமில்லாதவனைப் பார்த்ததில்லை போலும்.

"யோவ், மனுஷனாய்யா நீ? அந்தப் பொம்பள பேரு என்னா? அதச் சொல்லு மொதல்ல!"

"எந்தப் பொம்பள?"

"வச்சினு இருக்கியே, அவ!"

பச்சைமுத்துவுக்குக் காது அடைத்துவிட்டது. ஒரு நிமிஷம் எதுவுமே விளங்கவில்லை. பிறகு விளங்கியது. சிரிக்க வேண்டிய விஷயம்தான். அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. ஐந்து பேரின் கண்ணும் அவனைப் புழுவைப் பார்ப்பதுபோல் பார்த்தன.

"ஐயோ அண்ணா! அது ரூமுண்ணா! வெறும் ரூமு!" என்று அலறினான். "பத்துக்குப் பத்து! ஓஸ்வால்டுன்னு ஒரு பெரியவர் வீடு. வந்து பாருங்க, ஒரு பாயும் ஒரு தலகாணியும்தான் இருக்கு!" ஆணியில் மாட்டியிருந்த பேண்ட் பையிலிருந்து சாவியை எடுத்துக் காட்டினான். சாவியைக் காட்டினால் என்ன தெரிந்துவிடும்? ஆனாலும் காட்டினான். "பாப்பா வச்ச பேருண்ணா அது. சரளா, நீ சொல்லேன்!"

சரளா சமையலறைக் கதவைப் பிடித்தபடி நின்றிருந்தாள்.

"ரூமா?" என்று கணேசமூர்த்தி இழுத்தார். அவர் குரல் இறங்கிவிட்டது. "அப்பறம் இந்தம்மா ஏன்…"

"நாவே கேட்டோம்" என்றாள் மமதா, தனக்குத் தெரிந்த, கன்னடம் கலந்த தமிழில். "சரளக்கா, ஒங்க யஜமான்ருக்கு சின்ன வீடு இருக்கா அப்படின்னு கேட்டேன். மகா சொல்லிச்சே, அப்பா சின்ன வீட்டுல தூங்குவாருன்னு. அதான் கேட்டேன். அக்கா இருக்குன்னு சொன்னாங்க. அழுதாங்க. தும்பா அழுதாங்க."

அதற்கு மேல் அவர்களுக்கு அங்கே நிற்க முடியவில்லை. கணேசமூர்த்தி தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "மனசுல வச்சிக்காதீங்க" என்றார். செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் போனார்கள். பச்சைமுத்து ஹால் நடுவில் சாவியோடு நின்றான்.

"நீ தெரிஞ்சேதான் சொன்னியா?" என்று கேட்டான்.

"ஆமா."

"அவங்க என்னா நெனைப்பாங்கன்னு தெரிஞ்சே?"

"தெரிஞ்சேதான்." சரளாவின் குரல் உயரவில்லை. "சின்ன வீடு இருக்கான்னு கேட்டாங்க. இல்லன்னு சொல்லத்தான் வாயத் தொறந்தேன். வரல. இருக்குது இல்ல? நீங்க அங்கதானே இருக்கீங்க?"

"அடிப்பாவி, அது ரூமுடி!"

"பொம்பளயா இருந்தாத் தேவலையே! போயி முடியப் புடிச்சு இழுத்து நாலு கேள்வி கேட்டுட்டு உங்களக் கூட்டிகினு வந்திருப்பேன். ரூமு கூட நான் என்னான்னு சண்ட போடறது?"

அவள் உள் ரூமில் இருந்த மகாவைக் கூப்பிட்டாள். எட்டு வயதுப் பெண் ஓடி வந்தாள். சரளா அவள் மோவாயை நிமிர்த்திக் காட்டினாள். அடியில் வெளுப்பாக ஒரு தழும்பு, நாலு தையல் போட்டது.

"இது என்னிக்கு ஆச்சு?"

"போன கார்த்திகை… விழுந்துட்டான்னு சொன்னியே."

"புதன்கெழம. மாடிப்படியில விழுந்து ரத்தம் நிக்கல. மஞ்சுநாத்து ஸ்கூட்டருல தூக்கினு போனாரு. ஆஸ்பத்திரியில பேரு எழுதறவன் அவர அப்பான்னு எழுதிட்டான். இல்லன்னு சொல்லக்கூட யாருக்கும் தோணல. சனிக்கெழம நீங்க வந்து, 'இது என்னாடி பிளாஸ்திரி'ன்னு கேட்டீங்க. விழுந்துட்டான்னேன். 'பாத்து வெளையாடச் சொல்லு'ன்னுட்டுத் தூங்கிட்டீங்க."

அவனுக்கு ஞாபகம் வந்தது. அப்படித்தான் சொன்னான், அப்படித்தான் தூங்கினான். வாரம் முழுக்க விழித்த கண். ஆனால் மகள் ரத்தம் கொட்டிக்கொண்டு போன கதையை ஆறு மாதம் கழித்துத் தெரிந்துகொள்கிறோமே என்று நினைத்தபோது, அவன் கை நீண்டு அந்தத் தழும்பைத் தொட்டது.

"உனக்காகத்தானே இந்த வீடு கட்டினேன்" என்றான். சொன்ன பிறகு அவனுக்கே அது பொருத்தமான பதிலாகப் படவில்லை.

"எனக்காகத்தான். இல்லன்னு யாரு சொன்னா? எல்லாக் கதவையும் சாத்திக்கலாம். சாத்திகினு உள்ள யாரு இருக்கா?"

திங்கட்கிழமை விடிவதற்கு முன்பே அவன் பஸ் ஏறினான். இரண்டரை மணி நேரமும் அவனுக்கு அவள் கேட்ட அந்தக் கேள்விதான் காதில் இருந்தது.

ஸ்டூலில் உட்கார்ந்திருந்த மூன்று நாளும் பித்துப் பிடித்தவன்போல் இருந்தான். மூன்றாம் மாடி என்றவரை ஐந்தாம் மாடிக்குக் கொண்டுபோய் விட்டான். "என்ன பச்சைமுத்து, சின்ன வீட்டு மயக்கமா?" என்று யாரோ கேட்க, வழக்கமான சிரிப்பு எழும்பியது. அவன் கிராதிக் கதவை இழுத்துச் சாத்திய சத்தத்தில் சிரிப்பு நின்றது. வேலையை விட்டுவிட்டு ஆனேக்கல் பக்கம் ஏதாவது தேடலாமா? நாற்பது வயதில் லிஃப்ட் ஓட்டுவதைத் தவிர வேறு எதுவும் தெரியாது. ஆனேக்கலில் லிஃப்டே கிடையாது. வீட்டை விற்றுவிடலாமா? அந்தக் கதவுகளைச் சாத்தித் திறந்து பார்த்தவளிடம் எந்த வாயால் கேட்பது?

வியாழக்கிழமை மத்தியானம் ஒரு மணிக்கு மெஸ்ஸில் தயிர்சாதப் பொட்டலம் வாங்கிக்கொண்டு அறைக்கு நடந்தான். லைன் வீடுகளின் வாசலிலேயே தமயந்தி வழிமறித்தாள். முதல் கதவுக்குப் போன பொங்கலுக்குப் பிறகு குடிவந்தவள். இங்குள்ள பழங்கதை எதுவும் அவளுக்குத் தெரியாது.

"அண்ணா, உங்க ரூமுல யாரோ பொம்பள வந்து இருக்காங்க" என்றாள். முகத்தை ஒரு மாதிரி வைத்துக்கொண்டாள். "சாவி அவங்க கையிலேயே இருக்கு. பொட்டி படுக்கையெல்லாம் எடுத்துனு வந்திருக்காங்க. உங்க குடும்பம் ஆனேக்கல்லன்னு இல்ல நீங்க சொன்னீங்க?"

பச்சைமுத்துவின் கையிலிருந்து பொட்டலம் நழுவியது. அவன் வாழ்க்கையில் ஒரு பெண் விஷயமாகக்கூட யாரும் அவனைக் கை நீட்டிப் பேசியது கிடையாது. ஒரே வாரத்தில் இரண்டாவது தரம்! மூன்றாவது கதவு திறந்து கிடந்தது. உள்ளேயிருந்து கறிவேப்பிலை தாளிக்கிற வாசனை வந்தது. எட்டிப் பார்த்தான்.

அடுப்பு மூலையில் சரளா உட்கார்ந்து ரசம் கூட்டிக்கொண்டிருந்தாள். அறையின் பழைய இரண்டாவது சாவி அவள் முந்தானை நுனியில் முடிந்திருந்தது. அவன் பாயின் மேல் இரண்டு டிரங்குப் பெட்டி. ஆணியில் அவன் சட்டைக்குப் பக்கத்தில் மகாவின் புத்தகப் பை. மகா டிரம்மின் மேல் ஏறி உட்கார்ந்து காலாட்டிக்கொண்டிருந்தாள்.

"என்னாடி இது?" என்றான்.

"பெரிய வீட்ட மஞ்சுநாத்து தம்பிக்கு வாடகைக்குப் பேசிட்டேன். அடுத்த மாசம் அவருக்குக் கல்யாணம். பாப்பாவ நம்ம பழைய ஸ்கூல்லயே சேத்துக்கறேன்னுட்டாங்க. வர்ற திங்கக்கெழம தொறக்குது."

"இங்கயா? உனக்கு இங்க கதவு இல்லடி. ஆறு வீட்டுக்கு ஒரு…"

"தெரியும். காலைல வந்ததும் வரிசையில நின்னுட்டுத்தான் வந்தேன்." சரளா கரண்டியைக் கீழே வைத்தாள். அவள் கண் கலங்கியிருந்தது. தாளித்த புகையினால் இல்லை என்பது அவனுக்குத் தெரிந்தது. "அந்தக் கதவுங்கள விட்டுட்டு வரும்போது அழுதேன். நல்லா அழுதேன். ஒவ்வொண்ணா சாத்திட்டுத்தான் வந்தேன். அதெல்லாம் கேக்காதீங்க இப்ப. மணி ஒண்ணு இருவது. சோறு ஆறிடும், உக்காருங்க."

பச்சைமுத்துவால் உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. மூன்று வருஷமாக நாற்பது கிலோமீட்டர் தூரத்தில் இருந்தவள் கையை நீட்டினால் தொடுகிற தூரத்தில் இருந்தாள். அந்த அறையில் எங்கே நின்றாலும் அவ்வளவு தூரம்தான். சுவரைப் பிடித்துக்கொண்டான்.

வாசலில் தமயந்தி இன்னும் நின்றிருந்தாள். இரண்டாவது கதவுக்குப் புதிதாகக் குடிவந்தவளும் வந்து சேர்ந்துகொண்டாள். "யாருண்ணா இவங்க?" என்று தமயந்தி மெல்லக் கேட்டாள். பதில் தெரியாமல் நகர மாட்டாள் போலிருந்தது.

பச்சைமுத்து திரும்பினான். கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"பெரிய வீடும்மா" என்றான். "இங்க வந்துடுச்சு."

தமயந்திக்கு ஒன்றும் புரியவில்லை. சரளாவுக்குப் புரிந்தது. அவள் தலையைக் குனிந்துகொண்டு தட்டில் சோற்றைப் போட்டாள். அவன் டிரங்குப் பெட்டியை நகர்த்தி, முழங்காலை மடக்கி, மகள் கால் தலையில் படாமல் குனிந்து உட்கார்ந்தான். பெட்டியில் முழங்கை இடித்து முதல் கவளம் பாயில் சிந்தியது.